பாஸ் என்றொரு வினை

பிற மொழிகளிலிருந்து பெயர்ச்சொற்கள் வந்து சேர்வதில் அதிசயம் இல்லை. பொருள் வருகிறபோது அதன் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பென்சிலும் பிஸ்கோத்தும் அப்படித்தான் வந்தன. வினைச்சொல்லின் விஷயம் வேறு. நடப்பது, கடப்பது, கொடுப்பது, கழிப்பது ஆகிய எல்லாவற்றிற்கும் எந்த மொழியிலும் ஏற்கனவே சொல் உண்டு. அப்படியிருக்க, ஒரு அந்நிய வினை நம் பேச்சில் நிலைத்துவிட்டது என்றால் அதன் பின்னால் ஏதோ ஒரு புதிய உறவும் ஒரு புதிய அதிகாரமும் வந்து சேர்ந்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். அந்த வினையின் சரித்திரம், அதைப் பேச நேர்ந்தவர்களின் சரித்திரமும் ஆகும்.

'பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். வங்கியின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கும் சொல் 'ரூபாய்'தான். அதற்கு அடுத்தது இதுவாக இருக்கலாம். 'செக்கு பாஸாயாச்சா?' 'லோன் பாஸாகுமா?' 'பாஸ்புக்குல பதிஞ்சு தரணும்.' 'பய பிளஸ் டூ பாஸாயிட்டான், காலேஜுக்குப் பணம் எடுக்கணும்.' கேட்பவர் அடையாளத்துக்காக நீட்டுவது பாஸ்போர்ட்டாக இருக்கும். வந்தது பஸ் பாஸில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரர் டைம் பாஸுக்கு வந்திருப்பார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'யூரின் பாஸ் ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஊராட்சியில் தீர்மானம் பாஸாகிறது, மைதானத்தில் பந்து பாஸாகிறது. இத்தனை வேலைகளையும் ஒரே சொல்லிடம் ஒப்படைத்துவிட்டோம். நம்முடைய கட, கழி, தேறு, செல், நிறைவேறு எல்லாம் வேலையிழந்து ஒதுங்கி நிற்கின்றன.

இதை மொழிச் சீரழிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். 'பண்ணித் தமிழ்' என்ற கேலி நமக்குப் பழக்கமானது. ஆனால் இந்தப் 'பண்ணு' நேற்று வந்த நோய் அல்ல. பூஜை பண்ணு, தியானம் பண்ணு, விவாகம் பண்ணு என்று சமஸ்கிருதச் சொற்களைத் தமிழ் இதே விதமாகத்தான் வசப்படுத்தியது. அந்நிய வினையைப் பெயராக்கிப் படுக்கப்போட்டு, பக்கத்தில் நம்முடைய பண்ணுவையோ ஆகுவையோ நிறுத்தி வைப்போம். காலம், இடம், பால் எல்லாவற்றையும் சுமப்பது நம் வினைதான். இலக்கணரீதியாகத் தமிழ் எதையும் இழந்துவிடவில்லை. இழப்பு, இருக்குமானால், அது வேறு இடத்தில் இருக்கிறது.

*

அந்த ஆங்கில வினையின் மூலம் லத்தீனில் 'பாஸுஸ்'. அதற்கு அடி, நடையடி என்று பொருள். ரோமானியர்கள் அதை ஒரு அளவாகவும் வைத்திருந்தார்கள். ஒரே கால் இரண்டு முறை தரையில் படுவதற்கு இடைப்பட்ட தூரம், அவர்கள் கணக்கில் ஐந்து அடி. அதில் ஆயிரம் சேர்ந்தது ஒரு மைல். மைல் என்ற சொல்லே ஆயிரம் என்பதிலிருந்து வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் நடந்து போவது, ஒரு இடத்தைத் தாண்டிப் போவது. மனிதனின் கால்தான் அதன் கரு. மலைகளுக்கு நடுவே கால் போகக்கூடிய இடம் என்ற பொருளில் கணவாய்க்கும் அதுவே பெயராயிற்று.

நாஞ்சில் நாட்டில் முதலில் பாஸ் என்று அழைக்கப்பட்டவற்றில் ஒன்று ஒரு கணவாய்தான் என்பது எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. ஆரல்வாய்மொழியை ஆங்கிலேயர்கள் தங்கள் நாவுக்கேற்ப 'ஆரம்போலி' என்று எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழைய இருந்த வழி அது. காற்றுக்கும் அதுதான் வழி. முப்பந்தலில் இன்று சுழலும் காற்றாலைகள் அந்தப் பாஸின் வாயில்தான் நிற்கின்றன. 1806இல் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த கம்பெனிப் படை, கர்னல் செயிண்ட் லெஜரின் தலைமையில், இந்தக் கணவாயின் அரண்களை உடைத்துக்கொண்டுதான் நுழைந்தது. அதே 1809இல் மைலாடியில் ரிங்கல்தௌபேயின் தேவாலயம் எழுந்தது. ஒரே வழியாகப் பாதிரியாரும் பட்டாளமும் மூன்று வருஷ இடைவெளியில் வந்தார்கள். பின்னால் இந்த வட்டாரத்தில் 'பாஸ்' என்ற சொல் கொண்டுவந்த இரண்டு விஷயங்களுமே, படிப்பும் அதிகாரமும், அந்த வழியாகத்தான் வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

கணவாய் இருக்கும் இடத்தில் சவுக்கையும் இருக்கும். 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டுப் பெரும்பாலான சுங்கத் தடைகள் நீங்கும்வரை, எல்லை தாண்டிய சரக்கு வரி கட்டியாக வேண்டும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லை ஆரல்வாய்மொழியை விட்டுக் களியக்காவிளைக்கு நகர்ந்தது. அதுவரை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த வாசல் மேற்கே பார்க்க ஆரம்பித்தது. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கும் அரிசிக்கும் பழைய சந்தை மேற்கேதான். ஆகவே எல்லை நகர்ந்ததும் வியாபாரம் கடத்தலாயிற்று. இங்கே தமிழ் இலக்கணம் ஒரு வேலை செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கட என்ற தன்வினையின் பிறவினை கடத்து. காலத்தைக் கடத்துவதும் அரிசியைக் கடத்துவதும் ஒரே வினைதான். தானே கடந்தால் பிரயாணி, இன்னொன்றைக் கடக்கவைத்தால் குற்றவாளி. நடுவே அனுமதிச் சீட்டு ஒன்று இருந்தால் வியாபாரி.

*

ஆனால் நம் ஜனங்கள் இந்தச் சொல்லைத் தங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டது கணவாயிலிருந்து அல்ல, பரீட்சையிலிருந்து.

1818இல் வந்த மீட் பாதிரியார் காலத்தில் நாகர்கோவிலில் செமினரி நடந்தது. அதன் தொடர்ச்சிதான் 1893இல் கல்லூரியான ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்க நினைத்தபோது, நாகர்கோவிலில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்ஸைத்தான் வரவழைத்தார். ராஜதானிக்கு ஆங்கிலம் இங்கேயிருந்து போயிற்று என்று நம்மவர்கள் பெருமை பேசிக்கொள்ள இடம் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு மெட்ரிகுலேஷன் பரீட்சை வந்தது. 'பாஸ்' என்ற சொல் ஒரு மனிதனின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் காலம் தொடங்கிற்று.

அந்தக் காலத்துத் தென் திருவிதாங்கூரில் நடப்பது என்றால் என்ன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். யார் எந்த வீதியில் நடக்கலாம், யாரைக் கண்டால் எத்தனை அடி விலக வேண்டும் என்பதெல்லாம் தூரக் கணக்காகவே வகுக்கப்பட்டிருந்த தேசம் அது. ரோமானியர்கள் அடியை வைத்து மைலை அளந்தார்கள். இங்கே அடியை வைத்து ஜாதியை அளந்தார்கள். பாஸ் என்ற வினையின் மூலப்பொருள், ஒரு மனிதன் ஒரு இடத்தைத் தன் காலால் கடந்து போவது. பெரும்பான்மையோருக்கு மறுக்கப்பட்டிருந்தது அதுதான். அப்படிப்பட்ட ஒருவனுக்குப் பாதிரிப் பள்ளிக்கூடம் ஒரு பரீட்சையைக் காட்டியது. விடைத்தாளில் ஒரு பதிவெண் மட்டும். ஊர் இல்லை, வீட்டுப் பெயர் இல்லை. தெருவைக் கடக்க முடியாதவன் பரீட்சையைக் கடந்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பது யாரும் திட்டமிட்ட சிலேடை அல்ல. ஆனால் சரித்திரம் சில சமயம் சிலேடையாகவே நடந்துகொள்கிறது.

பரீட்சையில் பாஸானவனுக்குத் தெரு திறந்துவிட்டதா? இல்லை. டாக்டர் பல்பு திருவனந்தபுரத்துக்காரர், ஈழவர். வைத்தியப் படிப்புக்கான தேர்வில் தேறியும் திருவிதாங்கூரில் இடம் கிடைக்காமல் சென்னையில் படித்தார். படித்து முடித்தும் சொந்த சமஸ்தானத்தில் உத்தியோகம் மறுக்கப்பட்டு மைசூர் அரசின் சேவைக்குப் போனார். 1896இல் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான ஈழவர்கள் கையெழுத்திட்ட மனு மகாராஜாவுக்குப் போனதற்கு அவர் முக்கியக் காரணம். படிப்பிருந்தும் வழியில்லை என்பதுதான் அந்த மனுவின் சாராம்சம். பாஸ் என்ற ஒரே சொல்லின் ஒரு பொருளைப் பெற்றுவிட்டவர்கள் அதன் மற்றப் பொருளையும் கேட்டார்கள் என்று சொல்லலாம்.

அந்த மற்றப் பொருள் வீதிக்கு வந்தது முப்பது வருஷங்களுக்குப் பிறகு. 1924இல் வைக்கம். 1926இல் நாகர்கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுசீந்திரம். கோவிலுக்குள் நுழைய வேண்டும் என்றுகூட அப்போது கேட்கவில்லை. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். டாக்டர் எம். ஈ. நாயுடு முன்னின்று நடத்திய அந்தச் சத்தியாக்கிரகம் நின்று, 1930இல் மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் கோவில்களையே திறந்துவிட்டதும் தெருவைப் பற்றிய விவாதத்துக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகங்களில் இது கோவில் நுழைவின் கதையாகவே வருகிறது. நடையின் கதையாகப் பார்த்தால் இதன் இன்னொரு முகம் தெரியும்.

*

பரீட்சைக்கு நம் சொற்கள் என்னவாயின?

தமிழில் 'தேறினான்' என்போம். தேறு என்பது அழகான வினை. கலங்கிய நீர் தெளிவது அது. தேற்றான்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரில் விட்டால் அழுக்கு அடியில் படிந்து நீர் தேறுகிறது. நோயாளி தேறுகிறான். துக்கத்தில் இருப்பவனைத் தேற்றுகிறோம். ஆக, பரீட்சையில் தேறினான் என்றால் அவனுக்குள் ஒரு தெளிவு உண்டாயிற்று என்று பொருள். நடந்தது அவனுக்குள். பாஸில் அந்த உட்புறமே இல்லை. ஒரு வாசல் இருக்கிறது, வாசலில் ஒருவர் நிற்கிறார், அவர் விடுகிறார் அல்லது விடுவதில்லை. வங்கியில் இதைத் தினமும் பார்க்கலாம். செக்கைப் பதிவது குமாஸ்தா, பாஸ் பண்ணுவது அதிகாரி. எவ்வளவு தொகைவரை பாஸ் பண்ணலாம் என்பதே அவருடைய அந்தஸ்து. செக் பாஸ் ஆனது என்கிறோம், அதிகாரி பாஸ் பண்ணினார் என்கிறோம். மாணவன் விஷயத்தில் மட்டும் இரண்டும் கலந்துவிடுகின்றன. பாஸ் ஆயிட்டான், பாஸ் பண்ணிட்டான். முயற்சி தன்னுடையது என்று சொல்லத் தோன்றும்போது பண்ணு. தெய்வாதீனம் என்று தோன்றும்போது ஆகு. அப்பன்மார் அதிகமும் 'ஆயிட்டான்' என்றுதான் சொல்கிறார்கள்.

குமரி மாவட்டத்தில் மூன்றாவதாக ஒரு வழக்கும் உண்டு. மலையாளத்தோடு கொண்ட உறவினால் வந்தது. பரீட்சையில் ஜெயிச்சான், தோத்தான் என்பார்கள். 'எட்டுல ரெண்டு தடவ தோத்தவன்' என்றால் கிழக்கே உள்ளவர்களுக்கு ஏதோ பந்தயம் என்று தோன்றும். இங்கே பரீட்சை ஒரு போர். எதிரி யார் என்றுதான் தெரியாது.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் ஒருவர் இறந்ததை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்றால் அவர் பாஸாகிவிட்டார் என்கிற மாதிரி சொல்வார்கள். கடந்து போனார் என்பது பொருள். தமிழில் அதே மென்மையோடு சொல்ல, தவறிவிட்டார் என்கிறோம். தவறு என்றால் பிசகு, குறி விலகல், கால் இடறல். பரீட்சையில் தவறினான் என்றால் பெயில். அதாவது அவர்கள் மொழியில் சாவதும் தேறுவதும் ஒரே சொல். நம் மொழியில் சாவதும் தோற்பதும் ஒரே சொல். அவர்களுடைய சாவில் ஒரு அடி எடுத்துவைத்தல் இருக்கிறது. அப்பால் ஒரு இடம் உண்டு என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் பதுங்கியிருக்கிறது. நம்முடையதில் ஒரு அடி தவறிப்போகிறது, அவ்வளவுதான். அப்பால் என்ன என்று சொல் எதுவும் சொல்வதில்லை. எனக்கென்னவோ நம்முடையதுதான் நேர்மையான சொல் என்று படுகிறது. சாவைப் பற்றிப் பேசும்போது மட்டும்.

பரீட்சையைப் பற்றிப் பேசும்போது அது அபாயகரமான சொல். ரிசல்ட் வருகிற மே மாதத்தில் தினசரிகளில் தவறியவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்திலும், தவறிப்போன ஒரு பையனையோ பெண்ணையோ பற்றி இன்னொரு பக்கத்திலும் வாசிக்க நேர்கிறது. இரண்டு பக்கங்களிலும் ஒரே வினை. சொல்லினால்தான் அந்தக் குழந்தை செத்தது என்று நான் சொல்லவில்லை. சொல் யாரையும் கொல்வதில்லை. ஆனால் ஒரு வாசலைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஒரு சமூகம் நூற்றைம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், வாசலில் நிறுத்தப்பட்டவனுக்குத் தான் இடறி விழுந்துவிட்டதாகத்தான் தோன்றும். தமிழக அரசு 2017இல் மாநில ரேங்க் பட்டியலை அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். முதலாவதாக வந்தவனுக்குக் கிடைத்த வெளிச்சம் குறைந்தது. கடைசியில் நின்றவன் மேல் இருக்கும் இருட்டு குறைந்ததா என்பது வேறு கேள்வி.

வங்கியில் இந்த மாதிரி நேரவில்லை என்பதைக் கவனியுங்கள். பாஸாகாத செக்கை நாங்கள் பெயில் என்று சொல்வதில்லை. திரும்பிவிட்டது என்கிறோம். திரும்பினால் மறுபடி போடலாம். 1989 ஏப்ரல் முதல், பணமில்லாமல் திரும்பும் செக் அதைக் கொடுத்தவருக்குக் கிரிமினல் குற்றமும் ஆயிற்று. அப்போதும் குற்றம் எழுதியவர் மேல்தான், காகிதத்தின் மேல் இல்லை. பாஸ்புக் என்ற பெயரும் அப்படித்தான். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போய்வருகிற புத்தகம் என்பதால் வந்த பெயர் அது. போய் வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். காகிதத்துக்கு நாம் கொடுத்திருக்கும் இந்தச் சலுகையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

*

இந்த மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் அநேகமாக இல்லை. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட முறைப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவன் அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், தேறியவனுக்கு வேண்டாம். பாஸ்போர்ட் என்ற பாஸின் தகுதியைப் பரீட்சை என்ற பாஸ் நிர்ணயிக்கிறது. கணவாயும் பரீட்சையும் ஒரே சிறு புத்தகத்தில் சந்தித்துக்கொண்டன. ஏமாற்றப்படக்கூடியவனைக் காப்பாற்றவே அந்த ஏற்பாடு என்பதும் உண்மை. ஆனால் காவலும் தடையும் ஒரே வாசலில்தான் நிற்கின்றன.

2020இல் கொரோனா காலத்தில் ஆரல்வாய்மொழி மறுபடியும் பழைய ஆரம்போலி ஆயிற்று. அடுத்த மாவட்டத்திலிருக்கும் தாயைப் பார்க்கக்கூட இ-பாஸ் வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாக எல்லை இல்லாதிருந்த இடத்தில் மறுபடியும் சாவடி, தடுப்பு, சீட்டு. அதே வருஷத்தில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்தாகி 'ஆல் பாஸ்' என்ற இன்னொரு சேர்க்கையும் வந்தது. பரீட்சையை எல்லோரும் கடந்தார்கள், சாலையை ஒருவரும் கடக்க முடியவில்லை. ஆல் பாஸை நம் படித்த வர்க்கம் எவ்வளவு இளக்காரமாகப் பேசியது என்பது நினைவிருக்கும். எல்லோரும் கடந்துவிட்டால் கடந்ததில் என்ன மதிப்பு என்றார்கள். சுசீந்திரத்தில் தெருவை அடைத்துக்கொண்டிருந்தவர்களின் தர்க்கமும் ஏறத்தாழ இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்காகப் பரீட்சையே வேண்டாம் என்று வாதிடுவது என் நோக்கம் அல்ல. பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஊசி போடுகிறவளுக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வது சொல்லைப் பற்றி. ஒரு நடையின் சொல்லை ஒரு வாசலின் சொல்லாக மாற்றிக்கொண்டுவிட்டோம். பாஸ் தமிழுக்கு வந்தபோது தன் காலை எங்கோ விட்டுவிட்டு வந்தது. வினையாக இல்லாமல் பெயராக வந்தது, ஒரு பண்ணுவின் தோளில் ஏறிக்கொண்டு.

கலைச்சொல் ஆக்குகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் கனிமவளத்துறைக் காகிதங்களில் ஒரு சொல்லைப் பார்த்தபோது நின்றுவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே நுழைந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரிகள் வைத்திருக்க வேண்டிய பாஸுக்குப் பெயர், நடைச்சீட்டு. மொழிபெயர்த்தவருக்கு லத்தீன் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த நடையடியை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். மலையைப் பெயர்த்துக்கொண்டு போகிற லாரிக்கு நம் மொழியில் நடை உண்டு, அதற்குச் சீட்டும் உண்டு. பரீட்சையில் நின்றுபோன பிள்ளைக்குத்தான் இன்னும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

சுசீந்திரம் ரத வீதிகளில் இன்று சாயங்காலம் போனால் பார்க்கலாம். பால் வாங்கப் போகிறவர்களும் டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற கிழவர்களும். யாரும் அங்கே பாஸாவதில்லை. நடக்கிறார்கள்.